டீசல் டிரம்மைக் குளிப்பாட்டியவர்

டிராக்டர் மூன்றாவது சுற்றில் பாதி தூரம் போனது. ஒரு தடவை இருமியது. பிறகு தொண்டையைச் செருமிக்கொள்கிற மாதிரி இரண்டு தடவை. அப்புறம் கரிசல் காட்டின் நட்டநடுவில் அப்படியே நின்றுவிட்டது.

கலப்பைக்குப் பின்னால் விதை போட்டுக்கொண்டு வந்த ஆறு பெண்களும் நின்றார்கள். ஏழாவது ஆளாக வந்த நானும் நின்றேன். எல்லார் மடியிலும் மக்காச்சோள விதை. மருந்து தடவிய விதை என்பதால் எல்லார் உள்ளங்கையும் ரோஸ் கலரில் இருந்தது.

“என்ன அண்ணாச்சி, வண்டிக்கு டீக்குடிக்கிற நேரம் வந்திருச்சா?” என்று கேட்டாள் பேச்சியம்மா.

சீட்டில் உட்கார்ந்திருந்த எங்கள் வீட்டுக்காரர் மாரிச்சாமி சாவியைத் திருகினார். வண்டி முக்கியது, முனகியது, கிளம்பவில்லை. இறங்கி வந்து முன் சக்கரத்தைப் பார்த்தார். சக்கரம் நன்றாகத்தான் இருந்தது. வண்டி நின்றால் முதலில் சக்கரத்தைப் பார்ப்பது அவர் வழக்கம். யோசிக்க நேரம் கிடைக்கும் அல்லவா.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை என்பதுதான் சிக்கல்.

ஒரே ஒரு ஞாயிறு

எங்கள் ஊர் வெம்பக்கோட்டைக்குப் பக்கம். மானாவாரி நிலம். புரட்டாசியில் ஒரு நல்ல மழை விழுந்தால்தான் விதைப்பு. அந்த வருஷம் புதன், வியாழன் இரண்டு நாளும் கொட்டியது. வெள்ளிக்கிழமை காட்டில் கால் வைத்தால் முழங்கால்வரை புதைந்தது. ஞாயிற்றுக்கிழமைதான் பதம். அதற்கு மேல் மூன்று நாள் வெயில் அடித்தால் கரிசல் மண் வெடிக்கத் தொடங்கிவிடும். விதை முளைக்காது.

பதம் இருந்தாலும் ஆள் வேண்டுமே. தீபாவளிக்கு முந்தின மாதம் எங்கள் பக்கத்தில் ஆள் கேட்பது, கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைக் கொஞ்ச நேரம் இரவல் கேட்கிற மாதிரி. பெண்கள் எல்லாரும் பட்டாசுக் கம்பெனியில் இருப்பார்கள். சீசன் ஆர்டர் தலைக்கு மேல் நிற்கும். ஞாயிறு ஒருநாள்தான் லீவு. அந்த லீவிலும் தூங்காமல், துணி துவைக்காமல், எனக்காக ஆறு பேர் வந்திருந்தார்கள். காலை ஏழு மணிக்கு இறங்கி, மத்தியானம் இரண்டு மணிக்குக் கரையேறிவிடுவதாகப் பேச்சு.

ஐந்து குறுக்கம் (ஏறக்குறைய ஐந்து ஏக்கர்) நிலம். அன்றைக்கு விதைத்தால் உண்டு, இல்லாவிட்டால் அந்த வருஷம் காடு தரிசு. மணி எட்டுகூட ஆகவில்லை, வண்டி படுத்துவிட்டது.

“வாடகைக்கு ஒரு வண்டி சொல்லுவமா?” என்றேன்.

“எவன்ட்ட இருக்கு இன்னைக்கு? எல்லா வண்டியும் காட்டுலதான் நிக்கிது” என்றார்.

ஓடுகிறது என்று சொல்ல அவருக்கு மனசு வரவில்லை.

போர்மேன் குடித்தனம்

வாரப் பத்திரிகையில் நான் எழுதுகிற இந்தத் தொடரைப் புதிதாகப் படிக்கிறவர்களுக்காக இவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பழைய வாசகர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். அவரும் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். வாராவாரம் புத்தகம் வந்ததும் முதலில் படிப்பவர் அவர்தான்.

விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பதினெட்டு வருஷம் போர்மேனாக இருந்தார். மருந்து அறைக்குள் போகிற ஒவ்வொருவரும் செருப்பைக் கழற்றினார்களா, வாசலில் பதித்திருக்கிற செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பு மின்சாரத்தை இறக்கினார்களா, வாளியில் தண்ணீர் நிரம்ப இருக்கிறதா, சாக்கு ஈரமாக இருக்கிறதா, இதையெல்லாம் பார்ப்பது அவர் வேலை. வேலையை விட்டு வந்து டிராக்டர் வாங்கின பிறகும் இந்தப் பழக்கத்தில் ஒன்றுகூடக் குறையவில்லை.

எங்கள் வீட்டு கேஸ் சிலிண்டர் என்னைவிட அதிகம் குளிக்கும். அதன் தலையில் எப்போதும் ஒரு ஈரச்சாக்கு. கல்யாண மண்டபத்துக்குப் போனால், மணமக்களைப் பார்ப்பதற்கு முன்னால் வெளியே போகிற வாசல் எத்தனை என்று பார்ப்பார். எங்கள் மகள் சின்ன வயதில் கம்பி மத்தாப்பு கொளுத்தியதெல்லாம், இரண்டு காலையும் தண்ணீர் டப்புக்குள் வைத்துக்கொண்டுதான். இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறாள். சிவகாசிப் பக்கம் என்றதும் தீபாவளி பிரமாதமாக இருக்குமே என்று யாராவது கேட்டால், “எங்க வீட்டுத் தீபாவளிக்குச் சளிதான் பிடிக்கும்” என்பாள்.

நான் சிரிப்பேன். முப்பது வருஷமாகச் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

அவர் ஏன் வேலையை விட்டார் என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். பக்கத்துக் கம்பெனியில் ஒரு மத்தியானம் நடந்த விபத்து. இவரும் ஓடிப்போய்த் தூக்கியவர்களில் ஒருவர். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றித் தொட்டித் தண்ணீரில் போட்டார். மூன்று நாள் அதை வெளியே எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. அதற்கு மேல் அவர் என்னிடம் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

டிரம் வந்த கதை

அந்த வருஷம் சித்திரையில் கோடை உழவுக்காக ஒரு டிரம் நிறைய டீசல் வாங்கி வைத்தோம். பங்க் தூரம், அடிக்கடி போகமுடியாது. உழவு முடிந்தும் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. டிரம்மை நிமிர்த்தி, சமையல்கட்டிலிருந்து முப்பது காலடி தள்ளி, கொல்லைப்புறத்தில் வைத்தார். எட்டு வைத்து அளந்ததை நான் பார்த்தேன்.

அக்கினி நட்சத்திர வெயில் டிரம்மின் மேல் விழுந்தது. இவருக்குப் பொறுக்குமா? ஒரு கோணிச்சாக்கைத் தண்ணீரில் முக்கி எடுத்து டிரம்மின் தலையில் போர்த்தினார். காலை, மத்தியானம், சாயங்காலம், மூன்று வேளையும் ஒரு வாளித் தண்ணீர் அதன் மேல் ஊற்றுவார். வீட்டுக்குத் தண்ணீர் லாரி வராத நாளில்கூட டிரம்முக்குத் தண்ணீர் உண்டு.

“இன்னைக்கு வெள்ளிக்கிழமை. டிரம்முக்குத் தலைக்கு எண்ணெய் வைக்கலியா?” என்பேன்.

“சிரி, சிரி. ஒருநாள் புரியும்” என்பார்.

புரியத்தான் செய்தது. அதுதான் இந்த வாரக் கதை.

பங்க்கில் நடந்த சண்டை

விதைப்புக்குப் பத்து நாள் முன்னாலேயே வண்டி ஒரு தடவை நின்றிருந்தது. வெம்பக்கோட்டை அணைக்குப் பக்கத்தில், நடுரோட்டில். இவரே பில்டரைக் கழற்றிப் பார்த்தார். உள்ளே பழுப்பாக, வழுவழுவென்று என்னவோ அப்பியிருந்தது. புது பில்டர் மாட்டினார், வண்டி ஓடியது. பழையதை ஒரு பாலிதீன் கவரில் போட்டுச் சுருட்டி, நேரே பங்க்குக்குப் போய்விட்டார். என்னையும் சாட்சிக்கு அழைத்துப்போனார்.

பங்க் மேனேஜர் மெல்லப் பேசுகிற மனிதர். கவரைப் பார்த்தார், முகர்ந்தார், “எங்க டீசல்ல இது வராதுங்களே” என்றார். ஒரு நீளக் கம்பியின் நுனியில் என்னவோ பசையைத் தடவி, தரைக்கடியில் இருக்கிற டேங்குக்குள் விட்டு எடுத்தார். தண்ணீர் இருந்தால் பசை நிறம் மாறுமாம். மாறவில்லை.

“நெறத்தைக் காட்டி எங்கிட்டப் பேசாதீக” என்றார் இவர். “நெறம் போட்டே பதினெட்டு வருசம் பொழச்சவன் நான். இது கலப்படம். இனிமே இந்தப் பங்க்குல கால் வைக்கமாட்டேன்.”

வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த மனிதர் கம்பியைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டேனே தவிர, எங்கள் வீட்டுக்காரர் சொல்வதும் சரிதானோ என்றுதான் நினைத்தேன்.

சிக்கந்தர் பாயும் ஒன்பது செல்போனும்

காட்டுக்கு வருவோம். சிவகாசியில் டிராக்டர் பாகங்கள் விற்கிற கடை வைத்திருக்கும் சிக்கந்தர் பாய்க்குப் போன் போட்டேன். ரிப்பேரும் பார்ப்பார். மச்சான் வீட்டு விருந்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர், விதைப்பு என்று சொன்னதும் வந்துவிட்டார். புது வேட்டி, அத்தர் வாசனை, கையில் ஸ்பானர் பை.

“சாப்பிட்டீகளா பாய்?” என்றேன்.

“சாப்பிடத்தான்க்கா போய்க்கிட்டிருந்தேன்” என்றார்.

டேங்க் பக்கம் கையைக் கொண்டுபோனதும் எங்கள் போர்மேன் குறுக்கே வந்துவிட்டார். முதலில் எல்லாருடைய செல்போனையும் வாங்கி, தூரத்தில் இருந்த வேப்பமரத்தடியில் ஒரு துண்டில் வைத்தார். பிறகு ஒரு வாளித் தண்ணீர். பிறகு ஈரச்சாக்கு. அதற்குப் பிறகு பாயைத் தரையில் கையை வைத்து எடுக்கச் சொன்னார்.

“அண்ணாச்சி, இது டீசலு. நீங்க நெனைக்கிற மருந்து இல்ல.”

“தீக்குத் தெரியுமா அது?”

பாய் பல்லைக் கடித்துக்கொண்டு தரையைத் தொட்டார். புது வேட்டியில் கரிசல் ஒட்டியது. ஆறு பெண்களும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு திரும்பி நின்றார்கள். கம்பெனியில் அவர்கள் எல்லாரும் இவருக்குக் கீழே வேலை பார்த்தவர்கள். இந்தக் கூத்து அவர்களுக்குப் பழக்கம்.

டேங்குக்குக் கீழே இருக்கிற சின்னக் கிண்ணத்தைப் பாய் திருகி, அதில் இருந்ததைக் காலித் தண்ணீர் பாட்டிலுக்குள் வடித்தார். வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். மேலே டீசல். அடியில் இரண்டு விரற்கடைத் தண்ணீர். இரண்டுக்கும் நடுவில் ஆடை கட்டின மாதிரி பழுப்பாக ஒரு ஜவ்வு. அழுகின முட்டை நாற்றம் குடலைப் பிடுங்கியது.

“இது உசுரோட இருக்குக்கா” என்றார் பாய்.

“என்னது, புழுவா?”

“கண்ணுக்குத் தெரியாத கிருமி. தண்ணியில குடியிருந்துக்கிட்டு டீசலைத் தின்னுது. தின்னு தின்னுப் பெருகி, இப்படிச் சளி மாதிரிக் கட்டிக்கிரும். அதுதான் பில்டரை அடைக்கிது.”

“டீசலையா தின்னுது?” என்றாள் பேச்சியம்மா. “ரேசன் கார்டு இருக்கா அதுக்கு?”

எல்லாரும் சிரித்தோம். எங்கள் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. “நான் அப்பமே சொன்னேன்ல, கலப்படம்னு” என்றார்.

பாய் பாட்டிலை மூடினார். “கலப்படம்னா இப்படி இருக்காது அண்ணாச்சி. இதுக்குத் தண்ணி வேணும், நாளும் வேணும். மாசக்கணக்கா எங்கயோ ஊறியிருக்கு. பங்க்குலருந்து நேரா வண்டிக்கு ஊத்துனீகளா?”

“வீட்டு டிரம்லருந்து ஊத்துனது.”

“அப்ப டிரம்மைப் பாக்கணும். அதைப் பாக்காம வண்டியைக் கழுவி என்ன பிரயோசனம்?”

கையில் வாளியோடு

காட்டிலிருந்து வீடு கூப்பிடு தூரம். இவர் முன்னால் விறுவிறுவென்று போய்விட்டார். நானும் பாயும் பின்னால் போனோம். நாங்கள் கொல்லைப்புறம் போய்ச் சேர்ந்தபோது, இவர் டிரம் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரோடு நின்றுகொண்டிருந்தார். வெயில் ஏறிவிட்டது அல்லவா, டிரம் குளிக்கிற நேரம்.

பாய் வாளியைப் பார்த்தார். சாக்கைப் பார்த்தார். மறுபடி வாளியைப் பார்த்தார்.

“அண்ணாச்சி, அந்த வாளியைக் கீழ வைங்க.”

சாக்கைத் தூக்கினார். டிரம்மின் மேல்மூடிக்குச் சுற்றிலும் விளிம்பு இருக்கும் இல்லையா, அதற்குள்ளே ஒரு விரல் ஆழத்துக்குத் தண்ணீர் தேங்கி நின்றது. டீசல் ஊற்றுகிற சின்ன மூடி அந்தத் தண்ணீருக்குள் முங்கிக் கிடந்தது. பாய் தண்ணீரைத் துடைத்துவிட்டு மூடியைத் திருகி எடுத்தார். அதன் ரப்பர் வாஷர் வெடித்திருந்தது. ஒரு குச்சியை உள்ளே விட்டு எடுத்தார். நுனியில் அதே ஜவ்வு, அதே நாற்றம்.

“வெயில்ல டிரம்மு சூடானா உள்ள இருக்கிற காத்து வெளிய போகும். குளுந்தா உள்ள இழுக்கும். நீங்க தண்ணி ஊத்தி ஊத்திக் குளுர வைக்கிறீக. அது மூச்சை இழுக்கும்போது மூடி மேல நிக்கிற தண்ணியையும் சேத்துக் குடிக்கிது. ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஊத்துவீக?”

இவர் வாளியை மெல்லக் கீழே வைத்தார்.

“மூணு” என்றேன் நான். “வெயில் கூடுனா நாலு.”

கேட்ட மாத்திரத்தில் பதில் சொல்லிவிட்டேன். சொல்லும்போதே சிரிப்பும் வந்துவிட்டது. இத்தனை வருஷமாகக் காத்திருந்த சந்தர்ப்பம், விடுவேனா? அப்புறம்தான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

“அப்ப நாந்தான் இதை வளத்திருக்கேன்” என்றார். யாரிடமும் சொல்லவில்லை, டிரம்மிடம் சொன்னார்.

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு பொறி விழுந்துவிடக்கூடாது என்று ஐந்து மாதமாகத் தண்ணீர் சுமந்த மனிதர்.

“ஆளுகளை வீட்டுக்குப் போகச் சொல்லிரு. இந்த வருசம் விதைப்பு இல்ல” என்றார்.

அதைக் கேட்டதும் எனக்கு ஆத்திரம் வந்தது. “என்ன பேச்சுப் பேசுறீக? விதை மடியில இருக்கு. பதம் காலுக்கடியில இருக்கு. மொளைச்ச பெறகு எம்புட்டு வேணாலும் வருத்தப்படுங்க. பாய், இப்ப என்ன செய்யணும், அதைச் சொல்லுங்க.”

பாய் சொன்னார். டேங்கைக் கழற்ற வேண்டும். ஜவ்வை வழித்து, நல்ல டீசல் விட்டு அலசி, ஈரம் இல்லாமல் துடைக்க வேண்டும். இரண்டு பில்டரும் புதிது, அது பையில் இருக்கிறது. கிருமியைக் கொல்ல மருந்து உண்டாம்; ஆனால் செத்த ஜவ்வும் பில்டரைத்தான் அடைக்குமாம், அதனால் முதலில் கழுவல். டிரம்மில் இருக்கிற டீசலில் ஒரு சொட்டுகூட வண்டிக்குள் போகக்கூடாது.

“நான் டேங்கை இறக்கிருவேன். நீங்க புது டீசல் கொண்டாந்துருங்க” என்றார்.

இவர் என்னைப் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன்.

“ஆலங்குளம் பக்கம் போய் வாங்கியாரேன்” என்றார்.

“போய்ட்டு வரதுக்குள்ள ரெண்டு மணி ஆயிரும். வண்டியை எடுங்க.”

கேன் காய்ந்திருக்கா?

இரண்டு கேனை மடியில் வைத்துக்கொண்டு பைக்கின் பின்னால் உட்கார்ந்தேன். பங்க்குக்கு ஒரு பர்லாங் முன்னால் வண்டியை ஓரம் கட்டினார்.

“நீ போய் வாங்கியா. நான் இங்கன நிக்கேன்.”

“சண்டை நானா போட்டேன்?”

வண்டியை எடுத்தார்.

அன்றைக்கும் பங்க்கில் வரிசை. எல்லாம் டிராக்டர்க்காரர்கள். பத்து நாள் முன்னால் இவர் போட்ட சத்தத்தைக் கேட்டவர்கள் அதில் நாலு பேராவது இருந்திருப்பார்கள். மேனேஜர் எங்களைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். இன்னொரு பாலிதீன் கவரை எதிர்பார்த்தார் போலிருக்கிறது, கண் எங்கள் கையிலேயே இருந்தது.

இவர் தொண்டையைச் செருமினார். காலையில் டிராக்டர் செருமின அதே மாதிரி. எங்கே இதுவும் நின்றுவிடுமோ என்று பயந்தேன்.

“ஒங்க டீசலு நல்ல டீசலு” என்றார். அன்றைக்குத் திட்டினதைவிடச் சத்தமாகச் சொன்னார். “தப்பு எங்க வீட்டு டிரம்முல. தண்ணி விட்டது நான். அன்னைக்கு இம்புட்டுப் பேருக்கு முன்னால பேசிட்டேன். அதான் இம்புட்டுப் பேருக்கு முன்னால சொல்றேன்.”

வரிசை மறுபடியும் திரும்பிப் பார்த்தது. மேனேஜர் என் கையிலிருந்த கேனை வாங்கி, மூடியைத் திறந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்த்தார்.

“கேனு காஞ்சிருக்கா அண்ணாச்சி? குளிப்பாட்டிக் கொண்டு வரலியே?”

நான் சிரித்தேன். வரிசையும் சிரித்தது. எங்கள் வீட்டுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் ஒரு நிமிஷம் கழித்து அவரும் சிரித்துவிட்டார். மேனேஜர் ஒரு காய்ந்த துணியால் இரண்டு கேனையும் உள்ளே துடைத்துவிட்டுத்தான் பிடித்தார்.

இரண்டு மணிக்குப் பிறகு

திரும்பி வந்தபோது பாய் வேட்டியை மடித்துக் கட்டி, முழங்கைவரை ஜவ்வோடு உட்கார்ந்திருந்தார். அத்தர் வாசனை போன இடம் தெரியவில்லை. டேங்கை மூன்று தடவை அலசினார். நான் துடைத்தேன். பில்டர் மாட்டி, குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றக் கைப்பம்பை அமுக்கிக்கொண்டே இருந்தார். நுரை நுரையாக வந்தது, பிறகு டீசல் சுத்தமாக வந்தது. சாவியைத் திருகியதும் வண்டி ஒரே சத்தத்தில் பிடித்துக்கொண்டது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. புகை பட்டது என்று சொல்லிக்கொண்டேன்.

மணி இரண்டு. பெண்களிடம் பேசின நேரம் முடிந்துவிட்டது. ஐந்து குறுக்கத்தில் ஒரு குறுக்கம்கூட முழுசாக விதைத்திருக்கவில்லை. மரத்தடியில் இருந்த பெண்கள் எழுந்து சேலையை உதறினார்கள். விடிந்தால் ஆறு மணிக்குக் கம்பெனி பஸ் வந்துவிடும். இருங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

பேச்சியம்மா செல்போனை எடுத்து இடுப்பில் செருகினாள். பிறகு குனிந்து விதைச் சாக்கிலிருந்து மடி நிறைய அள்ளினாள்.

“வீட்டுக்குப் போகலியா தாயி?” என்றேன்.

“போவோம், போவோம். சித்திரை மாசம் வெயில் ஏறுனா போதும், ‘வெளிய வாங்க, வெளிய வாங்க’ன்னு எங்களை ரூமை விட்டு வெரட்டுவாரு இந்த மனுசன். செஞ்சாத்தான கூலி? நாங்க வையாத வசவு இல்லக்கா. ஆனா பதினெட்டு வருசத்துல அவரு ரூம்ல ஒருத்திக்கு வெரலுகூடக் கருகல. இன்னைக்கு ஒருநாள் அவரு வெரட்டாம நாங்க வேலை பாத்துட்டுப் போறோம்.”

சத்தம் போட்டுத்தான் சொன்னாள். டிராக்டர் சத்தத்தில் அவருக்குக் கேட்டதா என்று தெரியாது. கேட்டிருந்தாலும் கேட்காத மாதிரிதான் இருந்திருப்பார். முன்னால் பார்த்துக்கொண்டே வண்டியை எடுத்தார்.

கடைசி உழவுச்சாலில் மண்ணை மூடும்போது சூரியன் இறங்கிவிட்டது. பாய் விருந்தை விட்டுவிட்டு எங்கள் தூக்குச்சட்டியில் இருந்த தயிர்ச்சோற்றைத் தின்றார். “மச்சான் வீட்டுல கேட்டா, கிருமிக்கு விருந்து வச்சேன்னு சொல்லணும்” என்றார்.

எட்டாம் நாள் காடு முழுக்கப் பச்சை தட்டியது. கதிர் பால் பிடித்ததும் இவர் முதலில் ஒரு பை நிறைய ஒடித்துக்கொண்டுபோய்க் கொடுத்த இடம் அந்தப் பங்க்தான்.

காய்ந்த டிரம்

கெட்ட டீசலைப் பாய் எடுத்துப் போய்விட்டார். இப்போது டிரம் கூரைக்குக் கீழே, செங்கல் மேல் சாய்ந்து படுத்திருக்கிறது. புது வாஷர். ஒரு உழவுக்குத் தேவையானது மட்டும்தான் வாங்குகிறோம், மாதக்கணக்கில் வைப்பதில்லை. வாரம் ஒருமுறை வண்டியின் கிண்ணத்தைத் திறந்து அடித்தண்ணீரை வடித்துவிடுகிறார். சாக்கு மட்டும் இல்லை. பாய் சொன்ன வார்த்தையை மீறவில்லை, அன்றிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் அவர் அதன் பக்கம் கொண்டுபோகவில்லை.

இந்தச் சித்திரையில் ஒருநாள் அவர் வெளியே போயிருந்தார். உச்சி வெயில். நான் குழம்பு தாளித்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாக டிரம் தெரிந்தது. மொட்டையாக, காய்ந்துபோய்க் கிடந்தது. கண்ணை எடுத்தேன். மறுபடி போனது.

அந்த நேரத்தில் தூரத்தில் ஒரு சத்தம், கும் என்று. ஆலங்குளம் பக்கம் சுண்ணாம்புக் கல் உடைக்க மத்தியானம் வெடி வைப்பார்கள். தினமும் கேட்கிற சத்தம்தான். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

அடுத்து எனக்கு நினைவு வந்தபோது அடுப்பை அணைத்துவிட்டு, கொல்லைப்புறத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு கையில் வாளி. ஒரு கையில் நனைத்த சாக்கு.

முப்பது வருஷமாக நான் எப்படிச் சிரித்தேன் என்று அப்போதுதான் விளங்கியது. எனக்கும் சேர்த்து அவர் பயந்துகொண்டிருந்தார். அந்தத் தைரியத்தில் சிரித்திருக்கிறேன்.

வாசல் கேட் திறக்கிற சத்தம் கேட்டது. அவர்தான். என்னைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார், சாக்கைப் பார்த்தார். என் முறை வந்துவிட்டது, இனி ஆயுசுக்கும் இதைச் சொல்லிக் காட்டுவார் என்று நினைத்தேன்.

அவர் சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து, “வாளியைக் கீழ வை” என்று மெல்லச் சொன்னார். என் கையிலிருந்த சாக்கை வாங்கினார். டிரம்மிலிருந்து நாலு எட்டு தள்ளி, எட்டு வைத்து அளந்து, வெறும் தரையில் அதை விரித்தார்.

“இங்கன ஊத்து” என்றார்.

ஊற்றினேன்.